துண்டுக்குள் பேசிய விலை

ஜெபதுரைக்குப் புதுக் கார் எடுக்கும் முறை வந்தபோது அவர் கையில் இருந்தது ஏழு வருஷத்துக்கு முந்தைய விலைக்கான பணம். வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவரும் அதைத்தான் செய்தார்.

மதுரையில் கார் விற்கும் கம்பெனியிலிருந்து ரிஜிஸ்தர் தபாலில் வந்திருந்தது கடிதம். கோவில்பட்டி ரயிலடிக்கு எதிரே வாடகைக் கார்கள் நிற்கும் வேப்பமரத்தடியில், தன்னுடைய பழைய சீமைக் காரின் மட்காடில் சாய்ந்துகொண்டு அதை மூன்று தரம் வாசித்தார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் பதிவு செய்த தங்களுக்கு இப்போது ஒரு கார் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வரிகள் உள்பட விலை பதினாறாயிரத்து நூற்றெண்பது ரூபாய். இருபத்தொரு நாளுக்குள் முழுப் பணத்தையும் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். தவறினால் வண்டி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். பணம் கட்டுகிற அன்று என்ன விலையோ அதுதான் விலை என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. அந்தப் பொடி எழுத்துதான் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

பதிவுக்காகத் தபாலாபீசில் கட்டிய டெபாசிட்டையும் சேர்த்து அவரிடம் இருந்தது பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பது குறைந்தது.

இதில் அவர் தப்பு ஒன்று உண்டு. ஐம்பத்தொன்பதில் பதிவு செய்தபோது விலை பன்னிரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது. இரண்டாயிரத்தைக் கட்டி ரசீது வாங்கிய கையோடு, விலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். கரிசல்காட்டில் பருத்திக்கு அச்சாரம் வாங்கிவிட்டால் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசினது பேசினதுதான். மாற்றிப் பேசுகிறவனுக்கு அடுத்த வருஷம் ஒரு ஊரிலும் சரக்குக் கிடைக்காது. கம்பெனி என்றால் இதைவிட நாணயமாகத்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு. குளத்தூரில் தகப்பன் விட்டுப்போன மூன்று ஏக்கரை விற்றார். மனைவி ஞானப்பூ வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்ததைப் போட்டார். சவாரிப் பணத்தில் மிச்சம் பிடித்தார். பன்னிரண்டேகாலுக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான், "முறை எப்போது வரும்?" என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். "முறை வரும்போது எழுதுகிறோம். இப்போதைய விலை பதிமூன்றாயிரத்து அறுநூறு" என்று பதில் வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் பேப்பர் பார்த்து, புது விலையைக் கார் ஷெட் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைப்பார். வளரும் பிள்ளைக்குச் சுவரில் உயரம் குறிப்பதுபோல அது மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் நூறு சேர்த்தால் அது அறுநூறு ஏறும். கடிதம் வந்த அறுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் ரூபாய் மதிப்பையே சர்க்கார் குறைத்துவிட்டதாக டீக்கடை ரேடியோ சொன்னபோது, ஜெபதுரை கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அதான, இன்னும் வரலியேன்னு பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

கார் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகித்தான் விடும். இந்தப் பழைய வண்டி இனிமேல் டாக்சிக்குத் தேறாது, அடுத்த வருஷம் சர்டிபிகேட் கேட்டு வரவேண்டாம் என்று மோட்டார் இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். புது வண்டி போடாவிட்டால் பெர்மிட்டும் போய்விடும். பிறகு ஏதாவது ஒரு முதலாளி வீட்டுக் காருக்குச் சம்பள டிரைவராகப் போகவேண்டும். ஜெபதுரை ஒன்பது வருஷம் அப்படி இருந்தவர். முதலாளி வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டதும், "ஏலே டிரைவர்" என்று அந்த வீட்டுச் சின்னப் பயல்கள் கூப்பிட்டதும் அவருக்கு இன்னும் ஆறவில்லை. சொந்த வண்டியில் உட்கார்ந்த அன்றைக்கு, செத்தாலும் இனி அந்தப் படியில் உட்காருவதில்லை என்று சொல்லிக்கொண்டவர். இப்போது அந்தப் படி மறுபடியும் கண் முன்னால் வந்து நின்றது.

பதிமூன்று நாள் அலைந்தார். ஆகஸ்டு மாதத்தில் கரிசல்காட்டில் யாரிடமும் பணம் இருக்காது. பருத்திப் பணம் வர மாசக்கணக்கு இருக்கிறது. எல்லாரும் விதையை வீட்டில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரக்கப்பட்டவர்கள் மோர் கொடுத்தார்கள்.

"ஏங்க, பழைய வண்டிய வித்தா என்ன?" என்று கேட்டாள் ஞானப்பூ. பசை காயாத விரலால் தீப்பெட்டிகளை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத எவன் வாங்குவான்? சர்டிபிகேட்டே கெடைக்காத வண்டி. பழைய இரும்புக் கடையில எழுநூறு தாரேங்கான்."

"நீங்க வாங்கையில எவ்வளவு?"

"மூவாயிரத்து நானூறு. அது அம்பத்தொண்ணுல. அப்ப அதுக்குப் பல்லு இருந்துது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் விலை என்றால் மாட்டு விலைதான். இரண்டு பல் போட்ட காளைக்கு ஒரு விலை, நாலு பல்லுக்கு ஒரு விலை, பல் தேய்ந்துவிட்டால் அடிமாட்டு விலை. வயது ஏற ஏற விலை இறங்கவேண்டும். பழைய கார் கைமாறி அவர் பார்த்ததும் ஒரே ஒரு தரம்தான். பத்து வருஷத்துக்கு முந்தி, இடைசெவலில் நிலம் வைத்திருந்த சம்சாரி ஒருவர் கிணற்றில் தண்ணீர் இறைக்க இன்ஜினுக்காக ஒன்றை அறுநூறுக்கு வாங்கிப்போனார். அதையும் இதையும் கூட்டிப் பார்த்து, தன் வண்டிக்கு உச்சபட்சம் ஆயிரத்து ஐந்நூறு என்று மனசுக்குள் விலை கட்டியிருந்தார். அதைக்கூட ஞானப்பூவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பதினாலாம் நாள் மாட்டுத் தரகர் வெயிலுமுத்து சவாரி ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஜெபதுரையின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன டிரைவரண்ணாச்சி, மொகம் வாடிக் கெடக்கு?"

ஜெபதுரை எல்லாவற்றையும் சொன்னார். வெயிலுமுத்து கடைசிவரை கேட்டுவிட்டு, வெளியே எட்டித் துப்பினார்.

"திங்கக்கிழம வண்டியச் சந்தைக்குக் கொண்டுட்டு வாங்க. நான் முடிச்சுத் தாரேன். கமிஷன் அம்பது."

"மாட்டுத் தரகருக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

"காரப் பத்தித் தெரியாது. வாங்குதவன் மொகத்தப் பத்தித் தெரியும்லா."

திங்கட்கிழமை ஜெபதுரை வண்டியைக் கழுவி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, காளைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். மாடு பார்க்க வந்த கூட்டமெல்லாம் காரைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் டயரை மிதித்துப் பார்த்தார். ஒருவர் பானட்டைத் தூக்கி உள்ளே குனிந்து, "எத்தன பல்லு?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது. பத்து ரூபாய்க்குக் கேட்டாலும் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஜெபதுரைக்கு இருந்தது.

வெயிலுமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவரைக் கூட்டி வந்தார். கோபாலசாமி. நாகலாபுரம் பக்கம் நூறு ஏக்கர் சம்சாரி, பருத்தி வியாபாரமும் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உழவுமாடு வாங்க வந்திருந்தார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு தரம் எழும்பி எழும்பி உட்கார்ந்தார். "பாகுந்தி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். சீட்டு மெத்தென்று இருப்பதைத்தான் நன்றாயிருக்கிறது என்கிறார் என்று ஜெபதுரை நினைத்துக்கொண்டார்.

வெயிலுமுத்து தோளிலிருந்த துண்டை உதறி இருவர் கைகளையும் மூடினார். மாட்டுக்குப் பேசுகிற முறையேதான். துண்டுக்குள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது.

"மொதப் பிடி ஆயிரம், மறுபிடி நூறு. வாயத் தொறந்து வெல சொன்னா யாவாரம் முறிஞ்சுது. சம்மதம்னா தலைய ஆட்டணும். இல்லன்னா சும்மா நிக்கணும்" என்றார் தரகர்.

ஜெபதுரை வலது கையைத் துண்டுக்குள் நீட்டினார். முதல் பிடிக்கு ஒரு விரல், மறுபிடிக்கு ஐந்து என்று எதிர்பார்த்து நின்றார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கை ஒன்று வந்து அவர் விரல்களைத் தேடியது. ஆள்காட்டி விரலைப் பிடித்தது. நடுவிரலையும் சேர்த்தது. மோதிர விரலையும் சேர்த்துக்கொண்டு இறுக்கியது.

மூன்று. மூவாயிரம்.

தப்பாகப் பிடித்துவிட்டார், இப்போது ஒரு விரலை விட்டுவிடுவார் என்று ஜெபதுரை காத்திருந்தார். விடவில்லை. கை பிரிந்து மறுபடியும் வந்தது. இந்தத் தரம் ஐந்து விரலையும் கொத்தாகப் பிடித்தது. மூவாயிரத்து ஐந்நூறு. அவருக்குத் தேவையானதற்கு நாற்பது ரூபாய்தான் குறைவு. நாற்பது ரூபாயை யார் காலில் விழுந்தாவது வாங்கிவிடலாம். தலையை ஆட்டு, ஆட்டு என்று மனசு சத்தம் போட்டது. தலை ஆடவில்லை. பயத்தில் கழுத்து கட்டையாகிவிட்டது. கண் இமைக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது, அதைத் துடைக்கவும் கை எழும்பவில்லை.

கோபாலசாமி அந்த முகத்தையே பார்த்தார். எத்தனையோ சந்தை பார்த்தவர். இப்படி அசையாமல் நிற்கிற ஆளை அவர் கண்டதில்லை. கையை உருவிக்கொண்டு, போய்விடுகிறவர்போல நாலு எட்டு நடந்தார். ஜெபதுரைக்கு உயிரே போய்விட்டது. கூப்பிடலாம் என்று பார்த்தால், வாயைத் திறந்தால் வியாபாரம் முறியும் என்று தரகர் சொன்னது ஞாபகம் வந்தது. கோபாலசாமி ஒரு தரம் திரும்பிக் காரைப் பார்த்தார். திரும்பி வந்தார். துண்டுக்குள் கை வந்தது.

நாலு விரல். பிறகு இரண்டு.

இப்போது தலை ஆடியது. நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து துண்டை உருவி, "முடிஞ்சுது" என்று இருவர் கையையும் சேர்த்து அடித்தார்.

நாலாயிரத்து இருநூறு. ஜெபதுரைக்குச் சந்தோஷத்துக்கு முந்தி வந்தது ஒரு குற்ற உணர்ச்சி. ஏதோ ஏமாற்றிவிட்டோம், இந்த மனுஷர் வீட்டுக்குப் போய்ப் பத்துப் பேரிடம் கேட்டால் நம் முகத்தில் காறித் துப்புவார் என்று தோன்றியது. வெயிலுமுத்து கண்ணைக் காட்டியும் கேளாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"மொதலாளி, யாவாரம் முடிஞ்சுட்டு, இனிச் சொல்லலாம்லா. நான் மனசுல நெனச்சு வந்தது இதுல பாதிகூட இல்ல. நான் கெட்டிக்காரத்தனமா நிக்கல. பயந்துபோயி நின்னேன். வேணும்னா கொறச்சுக்கிடுங்க."

வெயிலுமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இருபது வருஷத் தரகில் அவர் இப்படி ஒரு அசிங்கத்தைப் பார்த்ததில்லை. கோபாலசாமி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வே டிரைவரே, நானும் புதுசுக்குப் பதிஞ்சு ரெண்டு வருசமாச்சு. நம்பர் தொள்ளாயிரத்துச் சொச்சம். என் முறை வாரதுக்குள்ள வெல இருபதாயிரத்தத் தாண்டிரும், எனக்கும் வயசு எழுபது ஆயிரும். என் மகளுக்கு அடுத்த மாசம் பேறுகாலம். ராத்திரி வலி எடுத்தா மாட்டு வண்டியிலயா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போக? ஒம்ம வண்டி இன்னைக்கு ஓடுது. எனக்கு டாக்சி சர்டிபிகேட்டா வேணும், வீட்டுக்குத்தான வேணும். பாதி வெல ஒம்ம வண்டிக்கு. மீதி, நான் காத்துக் கெடக்க வேண்டிய வருசத்துக்கு."

"பழசுக்கு இம்புட்டு வெல இருக்கும்னு நான் நெனக்கலியே மொதலாளி."

"புதுசு ஏற ஏற, ஓடுத பழசெல்லாம் கூடவேதான ஏறும்? இது தெரியாமயா வண்டி வச்சிருந்தீரு?"

தெரியாமல்தான் வைத்திருந்தார். மாடு என்றால் வருஷா வருஷம் கன்று போடும், புதுக் காளை சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும், பழசின் விலை விழும். புதுக் கார் அப்படியா வருகிறது? வருஷக்கணக்காகச் சுவரில் எழுதி எழுதி அவர் வயிறெரிந்தாரே, அந்த விலையேற்றம் அத்தனையும் வேப்பமரத்தடியில் நின்ற இந்தப் பழைய வண்டிக்குள்ளும் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. வண்டியை அவர்தான் தினமும் துடைத்தார், கண்ணில் படவில்லை. ஜெபதுரை வாய்விட்டு அழுதுவிடுவார் போலிருந்தது. அழவில்லை, மூக்கு நுனி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்நூறு அச்சாரம் வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் வண்டியை நாகலாபுரத்தில் கொண்டுபோய் விட்டு மீதிப் பணத்தையும் வாங்கினார். வெயிலுமுத்துவுக்கு ஐம்பது கொடுத்தார். திரும்பி பஸ்ஸில் வரும்போது அசந்து தூங்கிவிட்டார். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் தூங்கிய முதல் தூக்கம் அதுதான். கண்டக்டர் எழுப்பிக் கோவில்பட்டியில் இறக்கிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் அவரும் ஞானப்பூவும் ரயிலில் மதுரைக்குப் போனார்கள். பணப்பையை ஞானப்பூ மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கம்பெனியில் இவர்களுக்கு முன்னால் நின்றவர் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டுவிட்டு, பணம் கட்டாமலே வெளியே போனார். கணக்கர் சோர்ந்துபோய் ஜெபதுரையின் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"விலை நேத்திலேர்ந்து நானூத்தி இருபது கூடியிருக்கு சார். எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த வசவுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞானப்பூவின் கை பையை இறுக்கியது. ஜெபதுரை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். பதினாறாயிரத்து அறுநூறு. கையில் பதினாறாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. கட்டிவிட்டாலும் நூற்றுத் தொண்ணூறு மிஞ்சும். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த விலை அவரைத் தாண்டி ஓட முடியாமல் நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கணக்கர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சந்தோஷமாகப் பணம் கட்டுகிற ஆளை அன்றைக்கு அவரும் முதல் தடவையாகப் பார்த்திருக்க வேண்டும்.

"எண்ணி எடுத்துக்கிடுங்க" என்றார் ஜெபதுரை.

காரை வெளியே கொண்டுவரும்போது வாசலிலேயே ஒருவர் மறித்தார். சாவியை அப்படியே கொடுத்தால் கட்டின விலைக்கு மேல் மூவாயிரம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். ஜெபதுரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கண்ணாடி வெண்ணெயில் இறங்குகிற கத்தி மாதிரி ஏறியது. இன்னொரு தரம் இறக்கி ஏற்றிப் பார்த்தார்.

சாத்தூர் தாண்டி, இரண்டு பக்கமும் விதைப்புக்கு உழுதுபோட்ட கரிசல் நிலம் வந்தது. ஞானப்பூ முன்சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதையும் அழுக்காக்கிவிடக் கூடாது என்பதுபோல ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரு. நம்ம வண்டிதான்."

அவள் கொஞ்சம் சாய்ந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஏங்க, இந்த வெல இன்னமும் ஏறுமா?" என்று கேட்டாள்.

"ஏறும்."

"அப்ப இன்னைக்கு ஜெபத்துல என்ன கேக்க? இத்தன வருசமா வெலய எறக்கும் ஆண்டவரேன்னுல்லா கேட்டோம்."

ஜெபதுரை யோசித்தார். உண்மைதான். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் முழங்காலில் நின்று கேட்டது அதைத்தான். ஆண்டவர் அதை மட்டும் காதில் வாங்கவே இல்லை.

"இனி ஏறட்டும்ட்டி" என்றார். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கோபாலசாமி மொதலாளிக்கு முறை வாரவரைக்கும் மட்டும் கொஞ்சம் நிக்கட்டும்" என்றார்.